முதல் மிதி

வண்டி ஒன்று, ஓட்ட வேண்டியவர்கள் இரண்டு பேர். இதிலிருந்தே வம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். வார நாட்களில் அக்காவுக்கு, வாரக் கடைசியில் தம்பிக்கு என்று அம்மா பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டாள். எந்த வண்டி என்பதை மட்டும் அவர்களிடமே விட்டுவிட்டாள். அந்தத் தப்பை அவள் செய்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து வீட்டில் ஒருவேளைச் சாப்பாடுகூட நிம்மதியாக இறங்கவில்லை.

அக்கா நர்ஸ். ஆஸ்பத்திரி வார்டு வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் கட்டும் வேலைக்கு மாறப்போகிறாள். அந்த வேலைக்கு ஒரே நிபந்தனை, சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அக்காவுக்கு லைசென்ஸ் இருந்தது, தைரியம்தான் இல்லை. முதல் தடவை லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போனபோது பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியையும் சேர்த்து வேலிக்குள் கொண்டுபோய் விட்டிருந்தாள். "உங்க கால் உங்க பேச்சைக் கேக்காதும்மா" என்று அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனார். சொன்னவருக்கு அது ஒரு பேச்சு. இவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அடுத்த டெஸ்ட்டில் பாஸ் செய்த பிறகும், தன் வலது காலை யாரோ வேண்டாத உறவுக்காரரைப் பார்ப்பது மாதிரி முறைத்துப் பார்ப்பாள்.

தம்பிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. வீட்டில் அவனுக்குப் பெயரே ராக்கெட். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அந்த வேலையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர முடியாது என்பதாலோ என்னவோ, மற்ற நேரமெல்லாம் பறந்துகொண்டிருப்பான். சின்ன வண்டி, விலை குறைவு, ஆனால் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் போய்ப் பார்த்தது இரண்டு கதவு வைத்த சிவப்பு வண்டி. விற்கிறவர் ஜிம் மாஸ்டர். ராக்கெட்டுக்கு அதைக் கண்டதும் வாயெல்லாம் பல். ஆனாலும் அவன் முழு முட்டாள் இல்லை. பேசிக்கொண்டே பானெட் மேல் உள்ளங்கையை வைத்தான். சுட்டது.

"காலையில எங்கயாவது போயிட்டு வந்தீங்களாண்ணே?"

"இல்லையே தம்பி, நீங்க வருவீங்கன்னு எடுக்கவே இல்லை."

எடுக்காத வண்டி எப்படிச் சுடும்? குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் வருகிற சத்தத்தை மறைக்கத்தான் சூடாக்கி வைத்திருக்கிறார். ராக்கெட் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றோம்ணே" என்று அக்காவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். தெரு முனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தான் என்பது வேறு விஷயம்.

அக்கா காட்டியது ஒரு வெள்ளை வண்டி. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நடந்தே போயிடலாம்" என்றான். அன்று இரவு இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

கடைசியில் கிடைத்தது ஒரு பல் டாக்டரின் சாம்பல் நிற வண்டி. நான்கு கதவு, சின்ன எஞ்சின், ஆனால் எஞ்சினுக்குள் காற்றை ஊதி வேகம் கூட்டும் டர்போ வைத்தது. பார்ப்பதற்கு அடக்க ஒடுக்கமாக நிற்கும். அக்காவுக்கு அந்த அடக்கம் பிடித்தது. டாக்டர் முன்சீட்டில் உட்கார்ந்திருக்க, ராக்கெட் மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்துப் பார்த்தான். டாக்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ராக்கெட் ஒன்றும் தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு ஏத்த வண்டிதான்" என்றான். அவன் வயதைச் சொன்னாலே இன்சூரன்ஸ்காரர்கள் முகம் சுளித்ததால் வண்டி அக்கா பெயரிலேயே வந்தது.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. விடுவானா?

முதல் வாரம் ஏர் ஃபில்டர். இரண்டாவது வாரம் சைலன்சரை மாற்றினான். அதிலிருந்து வண்டி கிளம்பினால் எதிர் வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. அதற்கப்புறம், லேப்டாப்போடு வரும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து எஞ்சினின் மூளையையே மாற்றி எழுத வைத்தான். டர்போ இன்னும் கூடுதலாக ஊதும், வண்டி இன்னும் கூடுதலாகப் பாயும். இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இன்சூரன்ஸ்காரர்களிடம் சொன்னானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அக்கா அதைத் தானாகக் கண்டுபிடித்தாள். வேலையில் சேர்வதற்கு முந்தைய வாரம், ஒத்திகை பார்க்கலாம் என்று தனியாக எடுத்துக்கொண்டு போனவள், ஒரு லாரியைத் தாண்டுவதற்காகக் கொஞ்சம் மிதித்திருக்கிறாள். வண்டி எகிறிப் பாய்ந்திருக்கிறது. முன்னால் போன பஸ்ஸின் பின்பக்கம் கண்ணுக்குள்ளேயே வந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய், வண்டியை என்னடா பண்ணி வெச்ச?"

அவன் சொன்னான். சொல்லாமல் எங்கே போவது?

"பாயறதுக்கு மட்டும் எல்லாம் செஞ்சியே, நிக்கறதுக்கு ஏதாவது செஞ்சியா?"

அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. வேகத்தைக் கூட்டியவன் முதலில் பிரேக்கைத்தான் பார்த்திருக்க வேண்டும். அது இந்த வண்டிப் பைத்தியங்கள் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் கடைசியில்தான் செய்வார்கள்.

"திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகணும். அதுக்குள்ள இந்த வண்டி நான் மிதிச்சா நிக்கணும். இல்லேன்னா சாவியைத் தூக்கிக் கிணத்துல போட்டுடுவேன்" என்றாள் அக்கா. அந்தப் பக்கத்தில் எங்கேயும் கிணறு இல்லை. ஆனால் அவள் குரலைக் கேட்டால் அவளே தோண்டிவிடுவாள் போல இருந்தது.

ராக்கெட்டுக்கு உறைத்தது. நிஜமாகவே உறைத்தது. இதே வண்டியின் உயர்ந்த ரகத்தில் வரும் பெரிய பிரேக் டிஸ்க்குகளையும், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற புது பேடுகளையும் தேடிப் பிடித்து வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலையில், குடியிருப்பின் பார்க்கிங் கட்டிடத்தில், இரண்டாவது தளத்தில், வெளிச்சம் வருகிற சரிவுப் பாதைப் பக்கமாக வண்டியின் மூக்கு இருக்கும்படி நிறுத்தி வேலையை ஆரம்பித்தான்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. லென்ஸ் தேய்க்கிறவன் கை. பழைய டிஸ்க்கைக் கழற்றி, இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புதியதை மாட்டினான். புது பேடுகள் பழையதைவிடத் தடிப்பு, அவை உள்ளே போக இடம் வேண்டும். அதற்காக, அவற்றைத் தள்ளுகிற பிஸ்டனை ஒரு இறுக்கியால் மெதுவாக உள்ளே அழுத்தினான். வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் முடிந்தது. சக்கரங்களை மாட்டி, போல்ட்டுகளை முறைப்படி இறுக்கி, ஜாக்கியை இறக்கினான். சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். போனையும் பெட்டிக்குள்ளேயே வைத்தான்.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. பிஸ்டனை உள்ளே அழுத்தி வைத்திருந்தால், முதல் தடவை பிரேக்கை மிதிக்கும்போது அது வெறுமனே தரை வரைக்கும் போகும். வண்டி நிற்காது. நான்கைந்து தடவை மிதித்து மிதித்துவிட்டால் பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொடும். அதற்குப் பிறகு பிரேக் கல்லு மாதிரி நிற்கும். ஒரு நிமிஷ வேலைகூட இல்லை. உள்ளே உட்கார்ந்து காலை வைத்தால் முடிந்தது.

ஆனால் ராக்கெட்டின் கையெல்லாம் கரி. கடையில் ஒரு விரல் ரேகை பட்டாலே லென்ஸைத் திரும்பத் துடைக்கிற ஆள் அவன். அழுக்குக் கையோடு சீட்டில் உட்காருவதா? கதவைத் தொடுவதா? சே! சாவியை வண்டியின் கூரை மேல் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மிதிக்கலாம் என்று தளத்தின் அந்தக் கோடியில் இருந்த குழாயடிக்குப் போனான்.

சோப்பு நுரை முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அவனே ஆசை ஆசையாக மாற்றி வைத்த சைலன்சர் சத்தம். உலகத்திலேயே அவனுக்குப் பிடித்த சத்தம் அது. அன்றைக்கு அதைக் கேட்டதும் குழாயை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினான்.

"அக்கா!"

நடந்தது இதுதான். அக்காவுக்குப் புது வேலையின் மேடத்திடமிருந்து போன் வந்திருக்கிறது. ஒரு நர்ஸுக்கு உடம்பு சரியில்லை, ஒரே ஒரு வீட்டுக்கு இன்றைக்கே போய்க் கட்டு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று எப்படிச் சொல்வாள்? பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். தம்பியின் போனுக்கு அடித்துப் பார்த்தால் அது பெட்டிக்குள் சிணுங்கியிருக்கிறது. வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கிறது, சாமான் எல்லாம் அடுக்கியிருக்கிறது, சாவி கூரையில் இருக்கிறது. வேலை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்திருக்கிறாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"அக்கா, நிறுத்து! அய்யோ, நிறுத்தாதே! அக்கா!"

என்ன சொல்லிக் கத்துவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. எதைக் கத்தியிருந்தாலும் அந்தச் சைலன்சர் முழுங்கியிருக்கும். வண்டி நேராக நகர்ந்து சரிவுப் பாதைக்குள் இறங்கியது. பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். எரியவில்லை. அவள் இன்னும் பிரேக்கைத் தொடவில்லை. சரிவில் முதல் கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் வேண்டாம் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். நல்ல பாடம், அவள் அதை அப்படியே கேட்டு நடந்தாள்.

சரிவு நீளமாக இறங்கி, ஒரு வளைவு வளைந்து, கீழே தடுப்புக் கட்டையில் போய் முடியும். கட்டைக்கு அந்தப் பக்கம் பஸ் போகிற ரோடு. அங்கேதான் அவள் முதல் தடவையாக மிதிப்பாள்.

ராக்கெட் படிக்கட்டில் பாய்ந்தான். ஓடினான் என்று சொல்ல முடியாது, பாதி விழுந்தான். கைப்பிடியில் சோப்புக் கை வழுக்கியது, முட்டி சுவரில் இடித்தது. கடவுளே, கடவுளே என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. கீழே வந்து சேர்ந்தபோது வண்டி வளைவைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. தடுப்புக் கட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான்.

கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் முகம் தெரிந்தது. அவனைப் பார்த்துவிட்டாள். முதலில் சிரித்தாள்கூட.

அப்புறம் அவன் நகராமல் நிற்பதைப் பார்த்து, அவனுக்காகவே காலைத் தூக்கி பிரேக்கில் வைத்தாள்.

அந்த ஒரு நொடியில்தான் அந்த மடையனுக்குத் தான் செய்த காரியம் புரிந்தது. பிரேக் இல்லாத வண்டியை நிறுத்தச் சொல்லி அதற்கு முன்னால் வந்து நிற்கிறான். அக்கா பழக்கப்படி கிளட்ச்சையும் சேர்த்து மிதித்தாள். அதுவரைக்கும் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த எஞ்சினும் விட்டுவிட்டது. வண்டி நிற்பதற்குப் பதிலாக வேகம் எடுத்தது. அக்காவின் வாய் திறந்தது. அவள் கண் அவனைப் பார்க்கவில்லை, கீழே தன் காலைப் பார்த்தது.

கால்கள் நகரவில்லை அவனுக்கு. நகர்ந்தது வண்டிதான். அக்கா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். ஒடித்துக்கொண்டே மிதித்தாள், மிதித்தாள், திரும்பத் திரும்ப மிதித்தாள். வண்டியின் மூக்கு அவன் இடுப்பை உரசுகிற தூரத்தில் விலகிப் போய், பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இடித்து நின்றது. கடைசி மிதிகளில் பிரேக் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுவர் அங்கே இருந்திருக்காது.

விளக்கின் கண்ணாடித் துண்டுகள் உதிர்ந்து முடிந்தன. அவன் கதவைத் திறந்தபோது அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் பட்டு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

"உன்னை இடிச்சிட்டேனா?" என்றாள்.

"இல்லக்கா. நான் நல்லா இருக்கேன். உனக்கு? கையைக் காட்டு. கழுத்தைத் திருப்பு."

"பிரேக்கைத்தான்டா மிதிச்சேன்னு நினைச்சேன். நிக்கலை. மறுபடி என் காலு…" வலது காலைக் கையால் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தாள்.

குடியிருப்பின் காவல்காரர் ஓடி வந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், எல்லாவற்றிலும் தலையைக் கொடுக்கிற ஆள். அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வண்டிக்குள் குனிந்தார். பிரேக்கைக் கையால் அழுத்தினார். காலால் மிதித்தார். அது கல்லு மாதிரி நின்றது.

"பிரேக் சுத்தமா இருக்கேம்மா! இவ்வளவு நல்ல பிரேக்கை நான் பார்த்ததே இல்லை. பதட்டத்துல நீங்கதான் பக்கத்துல இருக்கறதை மிதிச்சிட்டீங்க. சகஜம்தான்."

அக்கா தலையை ஆட்டினாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ராக்கெட் பக்கத்தில் நின்றான். அவனுக்கு மட்டும் தெரிந்தது. அக்கா மிதித்த மிதியிலேயே பிஸ்டன்கள் வெளியே வந்துவிட்டன. பிரேக் தானாகவே சரியாகிவிட்டது. எந்த மெக்கானிக் வந்து பார்த்தாலும் குறை கண்டுபிடிக்க முடியாது. அவன் செய்த தப்புக்கு இனி ஒரு தடயமும் இல்லை. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும், எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

வாயைத் திறக்கவில்லை. திறந்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் திறக்கவில்லை. கையில் சோப்பு நுரை காய்ந்து இழுத்தது. அம்மா கேட்டால் என்ன சொல்வாள், அக்கா மூஞ்சியில் இனி எப்படி முழிப்பது என்று என்னென்னவோ ஓடியது. 'அப்புறம் சொல்லலாம், முதல்ல அவ கொஞ்சம் தேறட்டும்' என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பயந்தவன் எல்லாரும் சொல்லிக்கொள்வது அதுதான்.

காவல்காரர் தண்ணீர் கொண்டு வந்தார். அக்கா வாயைக் கொப்புளித்துத் துப்பினாள். பையிலிருந்து போனை எடுத்தாள்.

"யாருக்குக்கா?"

"மேடத்துக்கு. வேலை வேண்டாம்னு சொல்லிடறேன்."

"ஏன்? ஏன்க்கா? இன்னைக்கு வரலைன்னு மட்டும் சொல்லு."

"இன்னைக்கு சுவரு. நாளைக்கு ரோட்டுல யாரோ பெத்த புள்ள." அவள் குரல் ஆடவே இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. "என் கால் என் பேச்சைக் கேக்காதுடா. அந்த ஆளு அன்னைக்கே சொன்னாரு. நான்தான் நம்பலை. இனிமே ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். வண்டியை நீயே வெச்சுக்கோ. நீ பாவம், எனக்காக ராத்திரி பகலா அலைஞ்சு பிரேக் போட்ட. அதையும் நான் கெடுத்துட்டேன்."

எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "சொல்லுங்கம்மா, கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டது.

"மேடம், நான்…"

ராக்கெட் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நீ பிரேக்கைத்தான்கா மிதிச்ச."

"விடுடா."

"பிரேக்கைத்தான் மிதிச்ச! சரியா மிதிச்ச! அது பிடிக்காது, முதல் மிதிக்குப் பிடிக்காது. பேடு மாத்தினா, நான் மிதிச்சு மிதிச்சு ஏத்தி வெச்சிருக்கணும். வெக்கலை. கை அழுக்கா இருந்துச்சு. சீட்டு அழுக்காயிடும்னு கையைக் கழுவப் போனேன். அழுக்காயிடும்னு!" அவன் அழுதுகொண்டிருந்தான், அது அவனுக்குத் தெரியவில்லை. "இப்ப பிடிக்குதுன்னா, நீ மிதிச்சதாலதான் பிடிக்குது. உன் கால் மேல ஒரு தப்பும் இல்லை. என் தப்பு. எல்லாம் என் தப்பு."

காவல்காரர் வாயைப் பிளந்து நின்றார். போனில் மேடம் "ஹலோ? ஹலோ?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் பிரேக்கைத்தான் மிதிச்சேனா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும்."

விட்டாளே ஒரு அறை. அந்தப் பார்க்கிங் முழுக்க எதிரொலித்தது. அப்புறம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுதபடியே முதுகில் இன்னும் இரண்டு போட்டாள். "செத்திருப்பியேடா. என் கையால செத்திருப்பியேடா, பாவி" என்றாள். அவன் வாங்கிக்கொண்டான்.

அழுது முடித்துப் போனைக் காதில் வைத்தாள். "மன்னிச்சுக்கங்க மேடம். வண்டியில ஒரு சின்ன வேலை. பேஷண்ட்டுகிட்ட கொஞ்சம் தாமதமா வரேன்னு சொல்லிடுங்க."

ராக்கெட் நசுங்கிய தகரத்தை டயரில் படாமல் இழுத்து நிமிர்த்தினான். சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தான், கீழே குனிந்து ஏதாவது ஒழுகுகிறதா என்று தேடினான். ஒழுகவில்லை. ஒரு விளக்குதான் போயிருந்தது. அக்கா ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மெதுவாக ஒரு தடவை மிதித்தாள். காலை எடுத்துவிட்டு இன்னொரு தடவை மிதித்தாள்.

"ஏறு" என்றாள்.

"நான் ஓட்டட்டுமாக்கா?"

"உன்னை ஏறுன்னு சொன்னேன்."

"உங்களுக்கெல்லாம் புத்தி கித்தி இருக்கா?" என்று காவல்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்கினார். அக்கா வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, தடுப்புக் கட்டைக்கு நேராக விட்டாள். கட்டை நெருங்க நெருங்க ராக்கெட் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அக்கா மிதித்தாள். பெரிய டிஸ்க்குகள் கவ்விப் பிடித்ததில் இரண்டு பேரும் முன்னால் போய் பெல்ட்டில் இடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

"கொஞ்சம் மெதுவா மிதிக்கலாம்க்கா" என்றான் பழக்க தோஷத்தில்.

"வாயை மூடு. இனிமே என் காலைப் பத்தி ஒருத்தரும் எனக்குச் சொல்லக் கூடாது."

கட்டை உயர்ந்தது. அக்கா வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், ஒரு பஸ் போக வழி விட்டு ரோட்டில் ஏறினாள்.